அயிரையைத் தேடப் போய்க் கானாங்கெளுத்தி கிடைத்த கதை

எங்கள் ஊர்க் கண்மாயில் இன்னும் அயிரை இருக்கிறதா? இந்த ஒரு கேள்விக்காகத்தான் வேலையைத் தொடங்கினேன்.

மதுரைக்குக் கிழக்கே, வைகைத் தண்ணீரும் ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்து நிறையும் கண்மாய். சின்ன வயதில் மடை திறந்த மறுநாள் வாய்க்கால் மணலில் துண்டை விரித்து அயிரை அள்ளியிருக்கிறோம். இப்போது மீன்பிடித் திருவிழா அன்று ஊத்தாவோடு இறங்குகிறவர்களுக்குச் சிக்குவது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை. கொஞ்சம் விரால், குத்தகைக்காரர் விட்ட கட்லா, ரோகு. அயிரையெல்லாம் எப்போதோ போய்விட்டது என்று டீக்கடையில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம். விரல் நீளம்கூட வராத மீன், மணலுக்குள் புதைந்து கிடக்கும். இல்லாமல் போய்விட்டதா, ஊத்தாவில் மாட்டவில்லையா?

அக்கா மகள் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறாள். பொங்கலுக்கு வந்தவளிடம் இதைச் சொன்னபோது, "மாமா, மீனப் பிடிக்க வேணாம், தண்ணியப் பிடிச்சுக் குடுங்க" என்றாள். மீன் நீந்துகிற இடமெல்லாம் அதன் வழுவழுப்பு, செதில், கழிவு எல்லாம் தண்ணீரில் கலந்துகொண்டே இருக்கும். அந்தத் துணுக்குகளில் இருக்கும் டி.என்.ஏ.வை வடிகட்டிப் பிரித்துப் படித்தால் யார் வந்துபோனார்கள் என்று தெரியும். இதற்குச் சூழல் டி.என்.ஏ. என்று பெயர், பேச்சில் இ-டி.என்.ஏ. பிரான்சில் குளங்களுக்குள் புகுந்துவிட்ட அமெரிக்கக் காளைத் தவளையை இப்படித் தண்ணீரை மட்டும் வைத்தே கண்டுபிடித்து 2008-ல் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் இந்த முறை வேகமாகப் பரவியது.

ஆய்வக வேலை அவள் பொறுப்பு. தன் மாதிரிகளோடு என்னுடையதையும் ஓட்டித் தருவாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். மீன் பெயர் மட்டும் கேட்டுக்கொண்டு போகக் கூடாது, அதே நாளில் அதே இடத்து மிதவை உயிரிகளையும், அதாவது தண்ணீரில் மிதந்து திரியும் கண்ணுக்குத் தெரியாத பொடி உயிர்களையும் பாசிகளையும், நான் எண்ணித் தர வேண்டும். இது என்னடா வீட்டுப்பாடம் என்று அப்போது தோன்றியது. கடைசியில் அந்த வீட்டுப்பாடம்தான் காப்பாற்றியது.

வலை

மிதவை வலை ஆய்வகச் சாமான் கடையில் ஆயிரக்கணக்கில் விலை சொன்னார்கள். ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடைக்குப் போனால் அதே மாதிரித் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. பாலியெஸ்டர் போல்டிங் துணி, 120 நம்பர் என்று கேட்க வேண்டும். செ.மீ.க்கு 120 இழை, துளை சுமார் 45 மைக்ரான். கடைக்காரர் "என்ன, கல்யாணப் பத்திரிகையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், விளக்கினால் பொழுது போய்விடும்.

வலை கூம்பு வடிவத்தில் வர வேண்டும். வாய் வளையம் 25 செ.மீ. விட்டம், வால் பக்கம் 40 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டு, நடுவில் 75 செ.மீ. நீளம். இதைத் தட்டைத் துணியில் வெட்டுவதற்கு விசிறி மாதிரி வரைய வேண்டும். தரையில் ஆணி அடித்து நூல் கட்டி 89 செ.மீ. ஆரத்தில் ஒரு வில், அதே ஆணியிலிருந்து 14 செ.மீ. ஆரத்தில் இன்னொரு வில், இரண்டுக்கும் இடையில் 50 பாகைக் கோணம். தையலுக்கு இரு பக்கமும் ஒன்றரை செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டினால் சரி.

முதல் வலையைத் தையல்காரரிடம் கொடுத்துக் கெடுத்தேன். அவர் நன்றாகத்தான் தைத்தார், ஆனால் ஊசி போட்ட ஓட்டை ஒவ்வொன்றும் துணியின் துளையைவிடப் பல மடங்கு பெரிது. பிடிக்க வேண்டியதெல்லாம் தையல் வழியாகவே ஓடிப்போனது. இரண்டாவதில் ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்துத் தைத்து, தையல் மேலேயே சிலிகான் பசையை விரலால் இழுத்துத் தேய்த்தேன். பிவிசி துண்டின் அடியில் ஒரு மூடி, மேலே வலையை இறுக்க ஹோஸ் கிளிப். வாய்க்கு 6 மி.மீ. கம்பியை வளைத்து, கிழியாமல் இருக்கப் பழைய ஜீன்ஸ் துணியில் பட்டை.

பத்து லிட்டர் வாளியில் ஐந்து முறை மொண்டு வலைக்குள் ஊற்றுவேன். ஐம்பது லிட்டர். வாலில் தங்குவதைக் கழுவி எடுத்துச் சரியாக 50 மி.லி. ஆக்கிக்கொண்டால், அதில் ஒரு மி.லி.யில் எண்ணுவது கண்மாயில் ஒரு லிட்டரில் இருப்பது. கணக்கில் நான் சுமார்தான், அதனால் இப்படி வைத்துக்கொண்டேன். எண்ணுவதற்கு 50 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழம் உள்ள செட்விக்-ராஃப்டர் கண்ணாடித் தொட்டி. அதற்குள் சரியாக ஒரு மி.லி. அடங்கும்.

45 மைக்ரான் துளையில் சின்னப் பாசிகள் நழுவிவிடும். அவற்றுக்கு வலை வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரை அப்படியே எடுத்து லூகால் கரைசல் விட்டு இரண்டு நாள் அசைக்காமல் வைத்தால் அடியில் படிந்துவிடும். மேல் தண்ணீரை மெல்லிய குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம். கரைசலை நானே தயாரித்தேன். 10 கிராம் பொட்டாசியம் அயோடைடைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அதில் 5 கிராம் அயோடின் போட்டு, மொத்தம் 100 மி.லி. ஆக்க வேண்டும். மாதிரி இளந்தேநீர் நிறத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாக விட்டால் போதும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பச்சைப் பாசிக்குள் மாவுச்சத்து இருப்பதால் அயோடின் பட்டதும் கருநீலமாகிவிடும். நீலப்பச்சைப் பாசி அப்படி ஆகாமல் பழுப்பிலேயே நிற்கும். என்னைப் போலக் கத்துக்குட்டிக்கு இது பெரிய உதவி.

முதல் சுற்று: எல்லாம் தலைகீழ்

தை மாதக் கடைசியில் முதல் சுற்று. இடம் இரண்டு. தண்ணீர் உள்ளே வரும் வரத்துக்கால் முகம் ஒன்று, எதிர்க்கரையில் மடை ஒன்று. மடைப் பக்கம் 0.45 மைக்ரான் வடிதாளை 25 மி.மீ. கூட்டில் வைத்து, 50 மி.லி. ஊசிக்குழாயால் தண்ணீரைத் தள்ளினேன். முதல் ஊசி சுகமாகப் போனது. இரண்டாவதில் கட்டை விரல் வெளுத்தது. மூன்றாவதில் முழு பலத்தையும் கொடுத்தபோது கூடு கழன்று, தண்ணீர் நேராக என் மூக்குக் கண்ணாடியில். வடிதாள் கிழிந்திருந்தது. குத்தகைக் காவலுக்கு இருக்கும் பெரியவர் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, கண்மாய்க்கு ஊசி போடுறீகளாக்கும்?"

"இல்லய்யா, ரத்தம் எடுக்கிறேன்."

"காச்சலா அதுக்கு?"

எப்படியோ ஆறு வடிதாள் மாற்றி அரை லிட்டர் தள்ளினேன். ஒப்பீட்டுக்கு, கண்மாய்க்குக் கொண்டுபோன கேன் தண்ணீரையும் அங்கேயே வைத்து அதே மாதிரி வடிகட்டினேன். வெற்று மாதிரி என்பார்கள். அதில் எதுவும் வரக் கூடாது. வந்தால் தவறு நம் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

பத்து நாள் கழித்து அக்கா மகள் ஜெல் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பினாள். வடிதாளில் சிக்கிய டி.என்.ஏ.வை பி.சி.ஆர். என்ற வினையால் பல மடங்கு பெருக்கி ஜெல்லில் ஓட்டுவார்கள், பெருகியிருந்தால் அங்கே கோடு தெரியும். கண்மாய்த் தண்ணீர் இரண்டிலும் ஒரு கோடுகூட இல்லை. கேன் தண்ணீரில் மட்டும் பளிச்சென்று ஒரு கோடு. "மாமா, உங்க கேன்லதான் மீன் இருக்கு போல" என்று கீழே எழுதியிருந்தாள்.

இரண்டு தவறு ஒன்றாகச் சேர்ந்த கூத்து இது. கேன் தண்ணீரைக் கண்மாய்த் தண்ணீர் மொண்ட அதே மக்கில் ஊற்றியிருக்கிறேன். இரண்டு தடவை அலசினேனே என்று எனக்கு ஆறுதல், அலசல் டி.என்.ஏ.வுக்குப் போதாது. சரி, அந்த மக்கிலிருந்து வந்த துளியே கோடு போடுகிறது என்றால், கண்மாய்த் தண்ணீர் ஏன் போடவில்லை? சந்தேகத்துக்கு அவள் அந்த மாதிரியில் தெரிந்த டி.என்.ஏ. ஒன்றைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தாள். அதுவும் பெருகவில்லை. தண்ணீரிலேயே பி.சி.ஆர். வினையைத் தடுக்கிற ஏதோ இருக்கிறது.

அந்த ஏதோ எங்கள் கண்மாய் உள்வாய் முழுக்க நிற்கிறது. கருவேல மரம். சமூகக் காடு வளர்ப்பில் வைத்தது, பாதி மரம் தண்ணீருக்குள் நிற்கிறது. பட்டையும் காயும் இலையும் ஊறித் தண்ணீர் மார்ச்சில் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். தோல் பதனிடக் கருவேலம்பட்டையைப் பயன்படுத்துவது அதிலுள்ள டானினுக்காகத்தான். அந்த டானினும் மக்கிய இலையின் ஹியூமிக் அமிலமும் பி.சி.ஆர். நொதியின் கையைக் கட்டிப்போட்டுவிடும். கேன் தண்ணீரில் டானின் இல்லை, அதனால் துளி அழுக்கும் ஜம்மென்று பெருகிவிட்டது.

முதல் சுற்று முழுவதையும் குப்பையில் போட்டோம். வெற்று மாதிரி கெட்டுப்போனால் மற்றதில் என்ன வந்தாலும் நம்ப முடியாது.

இரண்டாம் சுற்று

மாசி நடுவில் மறுபடியும் போனேன். மாற்றியது என்னென்ன என்றால், முதலில் மக்கே கிடையாது. ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பாட்டில், நீள மூங்கில் கம்பு நுனியில் கட்டி, காலை நனைக்காமல் எட்டி எடுத்தேன். காலை வைத்தால் சேறு கிளம்பும். தண்ணீரில் இருக்கும் டி.என்.ஏ. வெயிலிலும் வெப்பத்திலும் சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் சிதைந்துவிடும். சேற்றுக்குள் இருப்பது அதைவிட நெடுநாள் தங்கும். சேற்றைக் கலக்கினால் எப்போதோ செத்த மீனும் இன்றைக்கு நீந்துவதாகப் பட்டியலில் வந்து நிற்கும்.

கருவிகளை எல்லாம் முந்தின நாளே பிளீச்சில் பத்து நிமிடம் ஊறவைத்தேன். ஊராட்சித் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரும் அதே வேலையைச் செய்யும், ஆனால் கரையாத சுண்ணாம்பு ஒட்டிக்கொள்கிறது. கடையில் விற்கும் திரவப் பிளீச்சைத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்காகக் கலப்பது எளிது. பிறகு நன்றாகக் கழுவ வேண்டும், மிச்சமிருக்கும் பிளீச் நம் மாதிரியையே தின்றுவிடும். இடுக்கி இரண்டு நாளில் துருப்பிடித்துவிட்டது, அது போகட்டும்.

வடிதாளை 1.2 மைக்ரான் கண்ணாடி இழைக்கு மாற்றினோம். மீனின் இ-டி.என்.ஏ. பெரும்பாலும் செல்லும் செல் துண்டுமாகத்தான் மிதக்கும் என்பதால் துளை கொஞ்சம் பெரிதானாலும் நஷ்டம் குறைவு. ஒரு தாளில் முந்நூறு மி.லி. போனது, மூன்று தாளில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். கட்டை விரலுக்கும் நிம்மதி. தாளைப் பதப்படுத்தத் தூய எத்தனால் வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லும். தனியாள் போய் அதை வாங்குவது லேசில் நடக்காது. நான் செய்தது சிலிக்கா ஜெல். தாளை மடித்துச் சின்னக் காகித உறையில் போட்டு, நீலச் சிலிக்கா மணிகள் நிறைந்த ஜிப் கவருக்குள் வைத்தால் சில மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிறது. மணி இளஞ்சிவப்பானால் மாற்றிவிட வேண்டும்.

வரிசையும் முக்கியம். முதலில் வெற்று மாதிரி, பிறகு இ-டி.என்.ஏ. தண்ணீர், கடைசியில்தான் மிதவை வலை. வலையை முதலில் முக்கினால் போன தடவை எச்சமெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும்.

தெளிவு பார்க்கப் பழைய எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டில் கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால் வட்டம் அடித்து, அளவு முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டி இறக்கினேன். 1865-ல் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் செக்கி என்ற பாதிரியார் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்த முறை, இன்றும் இதைவிட மலிவான கருவி கிடையாது. மடைப் பக்கம் 55 செ.மீ. வரை தட்டு தெரிந்தது. வரத்துக்கால் முகத்தில் 20-ல் மறைந்துவிட்டது.

கண்ணாடிக்குக் கீழே

கல்லூரி ஒன்று கழித்துப் போட்ட பழைய நுண்ணோக்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. மடைப் பக்கத்து மாதிரியைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது சைக்ளாப்ஸ். நெற்றியில் ஒற்றைக் கண், வாலின் இரு பக்கமும் திராட்சைக் கொத்து மாதிரி முட்டைப் பை, வெடுக் வெடுக்கென்று ஓட்டம். நரம்புச் சிலந்தி நோயைச் சுமந்தது இதுதான். அந்தக் காலத்தில் ஊருணித் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னது இதைப் பிடித்து நிறுத்தத்தான். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில். 2000-ல் நாட்டை நோயற்றதாக அறிவித்தார்கள். அந்த வடிதுணியும் என் வலையும் ஒரே குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

சைக்ளாப்ஸ் தவிர நீண்ட மீசையுள்ள டயாப்டோமஸ் வகை, முட்டை சுமந்த செரியோடாஃப்னியா என்று மடைப் பக்கம் ஓரளவு பெரிய உடம்புக்காரர்கள் நிறைய. பாசிகளை மிதமாக மேய்ந்து தண்ணீரைத் தெளிவாக வைத்திருப்பது இவர்கள்தான். வரத்துக்கால் மாதிரியில் இவர்களில் ஒருவரும் இல்லை. திரும்பின பக்கமெல்லாம் பிராக்கியோனஸ் என்ற சக்கர உயிரி. கண்ணாடிக் குடம் மாதிரி உடம்பு, விளிம்பில் முள், வாயில் இரண்டு சக்கரம் சுழல்கிற மாதிரி மயிர் வளையம். அழகான உயிர்தான், ஆனால் இத்தனை பேர் கூடினால் அங்கே யாரோ பந்தி வைக்கிறார்கள் என்று பொருள். ஒரு மி.லி.யில் நானூறு வரை எண்ணிவிட்டுக் கண் வலித்து நிறுத்தினேன்.

படிந்த பாசிக்குப் பால்மர் குறியீடு போட்டேன். 1969-ல் பால்மர் என்பவர் அங்ககக் கழிவைத் தாங்கும் 20 பாசிப் பேரினங்களுக்கு ஆளுக்கொரு மதிப்பெண் கொடுத்துவைத்தார். சிலைடில் கணிசமாக இருக்கிறவற்றின் மதிப்பெண்ணைக் கூட்டினால் போதும். 20-ம் அதற்கு மேலும் வந்தால் கழிவு மிகுதி, 15 முதல் 19 என்றால் அநேகமாக இருக்கிறது. வரத்துக்காலில் யூக்ளினா 5, ஆஸிலடோரியா 5, சீனிடெஸ்மஸ் 4, நிட்சியா 3, நவிகுலா 3, ஃபேகஸ் 2, ஆங்கிஸ்ட்ரோடெஸ்மஸ் 2, மைக்ரோசிஸ்டிஸ் 1. மொத்தம் 25. மடைப் பக்கம் சீனிடெஸ்மஸ், நவிகுலா, குளோஸ்டீரியம், மெலோசைரா நான்கும் சேர்ந்து 9.

ஒரே கண்மாய், ஒரே காலை. இரண்டு ஊர்த் தண்ணீர் மாதிரி இருந்தது.

பட்டியல்

இந்த முறை அவள் டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்க்கவைத்து, டானினைப் பிடித்துக்கொள்ளும் சிறு தூண் வழியாகவும் செலுத்தினாள். வெற்று மாதிரி சுத்தம். எந்தத் துண்டைப் பெருக்க வேண்டும் என்று பி.சி.ஆருக்குக் காட்டிக் கொடுப்பது தொடக்கி. 2015-ல் ஜப்பானியர்கள் உருவாக்கிய மிஃபிஷ் என்ற தொடக்கி இணையை வைத்து, மீன்களின் 12எஸ் மரபணுவில் சுமார் 170 எழுத்து நீளத் துண்டைப் பெருக்கிப் படித்தார்கள்.

மடைப் பக்கம் ஜிலேபி, கட்லா, ரோகு, விரால் பேரினம், கெளுத்தி, அப்புறம் லெபிடோசெஃபாலிக்திஸ். கடைசிப் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அயிரையின் பேரினம்! உடனே அவள் தண்ணீர் ஊற்றினாள். அந்தக் குட்டித் துண்டை வைத்து இனம் வரை அடித்துச் சொல்ல முடியாது, அதோடு எத்தனை துண்டு வந்தது என்பதை வைத்து இத்தனை மீன் என்று கணக்கும் போட முடியாது. சரி, ஆனாலும் அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவர் எங்கள் மடைக்குப் பக்கத்தில் மணலுக்குள் இருக்கிறார்.

வரத்துக்கால் பட்டியல் வேறு தினுசு. ஜிலேபி, 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்ததிலிருந்து அது இல்லாத குட்டை ஏது. ஆப்பிரிக்கக் கெளுத்தி, தடை செய்த மீன், அதுவும் எப்படியோ வந்திருக்கிறது. அப்புறம் கோழி, ஆடு, மனிதர், மீனுக்கான தொடக்கியில் இவர்களும் சிக்கிவிடுவதுண்டு. கடைசியாகச் சாளை, கானாங்கெளுத்தி.

பெயரில் கெளுத்தி இருந்தாலும் கானாங்கெளுத்தி சுத்தமான கடல் மீன். கடல் இங்கிருந்து கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். ஆய்வகத்தில் கலந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தோம், ஆனால் வெற்று மாதிரியிலும் இல்லை, மடைப் பக்கமும் இல்லை. மீன் தீவனமோ? குளிகைத் தீவனத்தில் சாளைத்தூள் போடுவது உண்டு. காவல்காரப் பெரியவரிடம் கேட்டேன். தவிடும் கடலைப் புண்ணாக்கும் தவிர எதுவும் போடுவதில்லை, அதுவும் மடைப் பக்கம்தான் என்றார். ஆடும் கோழியும் கரையில் மேய்வதால் அவற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சாளை கரையில் மேயாது. அது வந்த வழி ஒன்றே ஒன்றுதான்: யாரோ வீட்டுச் சட்டி கழுவிய தண்ணீர்.

பட்டியலில் வந்த தப்பான மீனைத் தூக்கி எறிந்திருப்பேன், பால்மர் 25-ம் பிராக்கியோனஸ் கூட்டமும் கையில் இல்லாவிட்டால். மூன்றும் ஒரே இடத்தைக் காட்டின.

மறுநாள் பெரியவரையும் கூட்டிக்கொண்டு வரத்துக்கால் வழியே மேலே நடந்தேன். முக்கால் கிலோமீட்டரில் ஒரு பாலம், அதன் அடியில் சீமைக் கருவேல மறைவில் ஆறு அங்குலக் குழாய். பின்னால் புதிதாக வந்த குடியிருப்பு. குழாயிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் மெல்ல வந்துகொண்டிருந்தது. பெரியவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இதுக்கா தம்பி மதுரைக்கும் ஆய்வகத்துக்கும் அலைஞ்சீக? என்னயக் கேட்டிருந்தா நாத்தத்த வச்சே சொல்லியிருப்பேனே."

"தெரிஞ்சா ஏன்யா இத்தன நாளாச் சொல்லல?"

"யாரு கேட்டா?"

எண்ணிய தாள்கள், படங்கள், பட்டியல், குழாயின் புகைப்படம் எல்லாவற்றையும் சேர்த்து மனு கொடுத்திருக்கிறோம். நான் அடுத்த சுற்றுக்குப் பாலத்துக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் என்று இரண்டைக் கூட்டியிருக்கிறேன். மேலே சாளை இல்லாமல் கீழே மட்டும் வந்தால் குழாய்க்காரர்கள் வேறு கதை சொல்ல முடியாது. பங்குனி பிறந்தால் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கிவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். பாட்டில்கள் பிளீச்சில் ஊறுகின்றன. பெரியவர் மடை மணலில் துண்டு விரித்து அயிரை பிடித்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டியிருக்கிறார். இ-டி.என்.ஏ. தண்ணீரை எடுத்து முடிக்கும்வரை காலை நனைக்கக் கூடாது என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.